முகத்துதி அறியாத தூரிகைகள்: ஸ்பானிய ஓவியங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிய ஓவியங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆண்டுகளும் அளவுகளும் எல்லோருக்கும் பொது. விருப்பு வெறுப்புகளுக்கு நான் மட்டுமே பொறுப்பு.

ஓவியம் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

முகங்களிலிருந்து தொடங்குங்கள். பாணி, காலகட்டம், இயக்கம் போன்றவையெல்லாம் பிறகு தாமாக வந்து சேரும். ஸ்பானிய ஓவியர்களில் பெரியவர்களிடம் ஒரு குணம் உண்டு: எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் முகத்துதி செய்வதில்லை. சம்பளம் தரும் அரசனுக்குத் தாடை நீண்டிருந்தால் ஓவியத்திலும் அது நீண்டே இருக்கும். அரண்மனையின் கடைசி வேலைக்காரருக்கும் அரசனுக்கும் ஒரே அளவு கவனம் கிடைக்கும். நூற்றாண்டுகள் மாறியும் பாணிகள் மாறியும் இந்தப் பிடிவாதம் மட்டும் மாறவில்லை என்பது என் எண்ணம். கீழே உள்ள பதில்கள் பலவற்றிலும் இதையே வேறு வேறு விதமாகச் சொல்லியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தை ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

தியேகோ வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்தது. உயரம் 3 மீட்டருக்கும் மேல். மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரிட்டா. பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் தோழி ஒரு தட்டில் சின்னஞ்சிறு சிவப்பு மண்குடுவையை நீட்டுகிறாள். வலப்புறத்தில் மாரி பார்போலா என்ற குள்ளப் பெண்மணி நிற்கிறார். அவருக்கு அடுத்து நிற்கும் நிக்கோலசித்தோ, படுத்திருக்கும் பெரிய நாயின் முதுகில் காலை வைத்து எழுப்பப் பார்க்கிறான். நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. இடப்புறத்தில், நமக்கு முதுகைக் காட்டும் மாபெரும் திரைச்சீலைக்கு முன்னால் தூரிகையும் கையுமாக வெலாஸ்கெஸே நிற்கிறார்.

அரசனும் அரசியும் எங்கே? பின்சுவரில் மாட்டிய கண்ணாடியில், சின்னதாக, மங்கலாகத் தெரிகிறார்கள். உலகப் பேரரசு ஒன்றை ஆண்ட நான்காம் பிலிப்பைவிட அந்த நாய்க்கு ஓவியத்தில் அதிக இடம்!

ஓவியர் யாரை வரைகிறார், கண்ணாடியில் தெரிவது அரச தம்பதியின் நேர்ப் பிம்பமா, திரைச்சீலையில் இருக்கும் படத்தின் பிம்பமா என்று அறிஞர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். முதன்முறை பார்க்கும்போது அந்தச் சண்டைக்குள் போகாதீர்கள். என்னை முதலில் தாக்கியது வேறு ஒன்று: இந்த ஓவியத்தின் மேல்பாதியில் யாருமே இல்லை. இருண்ட விட்டம், விளக்கு மாட்டும் வெற்றுக் கொக்கிகள், சுவரில் இருட்டோடு இருட்டாகிப்போன பழைய படங்கள், அவ்வளவுதான். அந்த வெறுமை இருப்பதால்தான் கீழே நிற்பவர்கள் ஓர் உண்மையான அறையில், உண்மையான காற்றைச் சுவாசித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றுகிறது. அச்சுப் பிரதிகளில் பல சமயம் மேல்பகுதியை வெட்டிவிட்டு இளவரசியை மட்டும் போடுகிறார்கள். உயிரை எடுத்துவிட்டு உடம்பைக் காட்டுவது அது.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். காவலர் அனுமதிக்கும் அளவுக்கு நெருங்கிப்போய் இளவரசியின் சட்டைக் கையைப் பாருங்கள். பட்டும் இல்லை, சரிகையும் இல்லை. அவசரமாக இழுத்த வெள்ளை, சாம்பல், சிவப்புக் கீற்றுகள் மட்டுமே தெரியும். அப்படியே பின்னால் நகருங்கள். ஓரிடத்தில் அந்தக் கீற்றுகள் சட்டென்று பட்டாகிவிடும். அந்த இடத்தில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருக்கும் ஆட்களை எப்போதும் பார்க்கலாம். அவர்களில் நீங்களும் ஒருவராகிவிடுவீர்கள்.

ஓவியர் மார்பில் உள்ள சிவப்புச் சிலுவை, சாந்தியாகோ வீரர் அமைப்பின் சின்னம். அவருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது 1659-இல்தான். ஆகவே சிலுவை பின்னால் சேர்க்கப்பட்டது. அரசரே தம் கையால் வரைந்தார் என்ற கதையை வழிகாட்டிகள் விடாமல் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டியதில்லை.

அரசவைக் குள்ளர்களை வெலாஸ்கெஸ் வரைந்தது கேலிக்காகத்தானே?

அரசவை அவர்களை வேடிக்கைக்காக வைத்திருந்தது என்பது உண்மை. ஓவியர் அந்த வேடிக்கையில் சேரவில்லை. செபாஸ்தியான் தெ மோர்ராவின் உருவப்படத்தைப் பாருங்கள். 1640-களின் நடுவில் வரைந்தது. தரையில் உட்கார்ந்திருக்கிறார். குட்டையான கால்கள் நம்மை நோக்கி நீண்டிருக்க, காலணிகளின் அடிப்பாகம் முகத்துக்கு நேரே தெரிகிறது. இரண்டு கைகளும் முஷ்டியாக மடங்கி இடுப்பருகே அழுந்தியிருக்கின்றன. "என்ன வேண்டும் உனக்கு?" என்று கேட்கும் பார்வை. அவரோடு கண்ணுக்குக் கண் நின்றால் முதலில் பார்வையைத் திருப்பிக்கொள்வது நான்தான்.

இதே வெலாஸ்கெஸ் 1650-இல் ரோமில் போப் பத்தாம் இன்னசென்டை வரைந்தபோது, அளவுக்கு மீறி உண்மையாக இருக்கிறதே என்று போப் முணுமுணுத்ததாகப் பழங்கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அந்தச் சந்தேகக் கண்களைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

எல் கிரேகோவின் மனிதர்கள் ஏன் இழுத்து நீட்டியதுபோல் இருக்கிறார்கள்? அவருக்குக் கண்ணில் கோளாறு என்கிறார்களே?

கண் கோளாறுக் கதை தர்க்கத்துக்கு நிற்காது. உலகம் அவருக்கு நீண்டு தெரிந்திருந்தால் தம் திரைச்சீலையும் நீண்டுதான் தெரிந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி, படம் சாதாரணமாகவே வந்திருக்கும். அவர் வேண்டுமென்றே நீட்டினார்.

எல் கிரேகோ பிறந்தது 1541-இல், கிரீட் தீவில். வெனிஸ், ரோம் என்று சுற்றிவிட்டு ஸ்பெயினின் டொலேடோவில் குடியேறி 1614-இல் அங்கேயே இறந்தார். அவருடைய 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' அந்த ஊரின் சாந்தோ தோமே தேவாலயத்தில், எந்த இடத்துக்காக வரைந்தாரோ அங்கேயே இன்றும் இருக்கிறது. 1586-இல் தொடங்கி 1588-இல் முடித்தார். உயரம் ஏறக்குறைய 4.8 மீட்டர். கீழ்ப்பாதியில் இரண்டு புனிதர்கள் பிரபுவின் உடலைக் கல்லறைக்குள் இறக்குகிறார்கள். சுற்றிலும் டொலேடோவின் கனவான்கள் கறுப்பு உடையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக வரிசை கட்டி நிற்கிறார்கள். மேல்பாதியில் வானுலகம் கொந்தளிக்கிறது. மனிதர்கள் மண்ணில் இருக்கும்போது அவர்களின் அளவு சரியாகத்தான் இருக்கிறது. மேலே போகப் போகத்தான் தீச்சுடர்போல் நீள்கிறார்கள். கண் கோளாறு இடுப்புக்கு மேல் மட்டும் வருமா என்ன?

முன்னால் ஒரு சிறுவன் நிற்பான். ஓவியரின் மகன் ஹோர்கே மனுவேல். அவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் கைக்குட்டையில் ஓவியரின் கையொப்பத்தோடு 1578 என்ற ஆண்டு இருக்கிறது. அது பையன் பிறந்த ஆண்டு. இவ்வளவு பெரிய தெய்வீக நாடகத்தின் நடுவே ஓர் அப்பா தம் பிள்ளையை முன்வரிசையில் நிறுத்திவைத்திருக்கிறார். எனக்கு மேலே உள்ள வானுலகத்தைவிட அந்தக் கைக்குட்டை பிடிக்கும்.

ஏன் எல்லாமே இவ்வளவு இருட்டு, இவ்வளவு கறுப்பு?

இரண்டு காரணங்கள். ஒன்று, இத்தாலியின் கரவாஜியோ தொடங்கிவைத்த ஒளி-இருள் பாணி ஸ்பெயினில் ஆழமாக வேரூன்றியது. மற்றொன்று சாயம். ஸ்பெயினின் வசத்திலிருந்த மெக்சிகோவின் கம்பேச்சேப் பகுதி மரத்திலிருந்து அடர்ந்த, பளபளக்கும் கறுப்புச் சாயம் கிடைத்தது. விலை அதிகம், ஆகவே கறுப்பு உடை துறவின் அடையாளமாக மட்டுமல்ல, செல்வத்தின் அடையாளமாகவும் இருந்தது. அரசவையே கறுப்பில் நடந்தது. உள்ளதை வரைந்தார்கள்.

வெறும் காய்கறிப் படங்களில் ரசிக்க என்ன இருக்கிறது?

ஹுவான் சான்செஸ் கொத்தான் 1602 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்று அமெரிக்காவின் சான் டியேகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் ஜன்னல் ஒன்று, அதற்குப் பின்னால் கும்மிருட்டு. சீமை மாதுளை என்று சொல்லப்படும் மஞ்சள் பழம் ஒன்றும் ஒரு முட்டைக்கோசும் கயிற்றில் தொங்குகின்றன. விளிம்பில் வெட்டிய முலாம்பழமும் ஒரு துண்டும். கடைசியில் ஒரு வெள்ளரிக்காய், விளிம்பைத் தாண்டி நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு எல்லாம் சேர்ந்து ஒரே வளைகோடு.

கயிறு எதற்கு என்று பலர் விழிக்கிறார்கள். நம் பாட்டிமார் சமையலறையில் உறி கட்டியது எதற்கோ அதற்குத்தான்: பண்டம் கெடாமலும் பூச்சி அண்டாமலும் இருக்க. ஆனால் உறியில் தொங்கும் பானையை யாரும் நின்று பார்ப்பதில்லை. இந்த முட்டைக்கோசை விட்டுக் கண் நகர மறுக்கிறது. இப்படிப் படங்கள் வரைந்துகொண்டிருந்த கொத்தான் 1603-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கார்த்தூசியன் துறவியர் மடத்தில் சேரப் புறப்பட்டுவிட்டார். படத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

இதே வரிசையில் சுர்பரான் வரைந்த ஆட்டுக்குட்டியும் உண்டு. பிராடோவில் இருப்பது 37-க்கு 62 சென்டிமீட்டர்தான். நான்கு கால்களும் சேர்த்துக் கட்டப்பட்டு ஒரு மேடைமீது கிடக்கிறது. கிறிஸ்துவின் குறியீடு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தப் பிரதியில் ஒளிவட்டம்கூட இல்லை. சுருள் சுருளான, கொஞ்சம் அழுக்கேறிய கம்பளி ரோமமும் ஈரமான மூக்கும்தான். மதம் அறியாதவரையும் அது ஒரு நொடி கலங்கவைக்கும்.

உலகமே புகழும் ஓவியரைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாமா?

தாராளமாக. எனக்கு முரில்யோவின் மாதா ஓவியங்கள் ஒட்டவில்லை. நீல மேலாடை, மேகம், கொழுகொழு தேவதைக் குழந்தைகள். இனிப்பு சற்று அதிகம். வானுலகத்துக்கே முகத்துதி செய்வதாகத் தோன்றும். ஆனால் அதே முரில்யோ செவில்லே நகரத் தெருப் பையன்களை வரையும்போது வேறு மனிதராகிவிடுகிறார். பாரிஸின் லூவ்ரில் இருக்கும் பிச்சைக்காரச் சிறுவன் சுவரோரம் உட்கார்ந்து சட்டையில் பேன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் உள்ளங்கால் அழுக்கை அந்த ஓவியர் துடைத்துவிடவில்லை. ஓர் ஓவியரைப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் அவருடைய வேறொரு படத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

கோயா அரச குடும்பத்தையே கிண்டல் செய்து வரைந்தாராமே?

'நான்காம் கார்லோஸின் குடும்பம்' (1800-01) பற்றித்தான் கேட்கிறீர்கள். கிண்டல் என்பது பிற்காலத்தார் ஏற்றிய வாசிப்பு. அவர் அரசவை ஓவியர். வேலையைத் தெரிந்தே செய்தார். நகையும் பதக்கமும் மின்ன, முகங்கள் மட்டும் சாதாரண மனிதர்களின் முகங்களாகவே இருக்கின்றன. வயதான அத்தை ஒருவர் நெற்றிப்பொட்டில் பெரிய கறுப்பு ஒட்டுப்பொட்டோடு எட்டிப் பார்க்கிறார். ஒரு பெண் முகத்தை முழுவதுமாகத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள்: பட்டத்து இளவரசனுக்கு வரப்போகும் மணமகள். பெண் இன்னும் முடிவாகவில்லை. ஆகவே முகம் இல்லை!

கோயாவின் 'மே 3, 1808' என்னைத் தூங்கவிடவில்லை. அதில் அப்படி என்ன இருக்கிறது?

1808 மே 2 அன்று மாட்ரிட் மக்கள் நெப்போலியனின் படைக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். பிடிபட்டவர்களை மறுநாள் விடியுமுன்னே பிரெஞ்சுச் சிப்பாய்கள் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். கோயா இதை வரைந்தது ஆறு ஆண்டுகள் கழித்து, 1814-இல், பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறிய பின்.

அதற்கு முந்தைய போர் ஓவியங்களில் குதிரை இருக்கும், கொடி இருக்கும், வெற்றி பெற்ற தளபதி இருப்பார். இதில் தரையில் வைத்த ஒரு பெரிய சதுர லாந்தர் இருக்கிறது. கொல்வதற்கு வெளிச்சம் வேண்டுமே, அதற்காக வைத்த லாந்தர். அந்த வெளிச்சம் முழுவதும் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன்மீது விழுகிறது. கைகளை அகல விரித்து முழந்தாளிட்டிருக்கிறான். அவன் எழுந்து நின்றால் படத்தில் உள்ள அத்தனை பேரையும்விட உயரமாக இருப்பான், கவனித்துப் பாருங்கள். வலது உள்ளங்கையில் ஆணித்தழும்பு போன்ற ஒரு வடு. சுடுபவர்களுக்கு முகமே இல்லை. முதுகுகள், தோல்பைகள், நீண்ட துப்பாக்கிகள். எல்லாம் ஒரே சாய்வில்.

சாவை எதிர்கொள்ளும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஒருவர் கைகூப்பிக் குனிகிறார். துறவியாக இருக்க வேண்டும். ஒருவன் முஷ்டியை இறுக்கிக்கொண்டு முறைக்கிறான். முறைக்குக் காத்திருப்பவர்கள் வரிசையில் ஒருவன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறான். வெள்ளைச் சட்டைக்காரன் வீரனாகவும் இல்லை, கோழையாகவும் இல்லை. அந்த முகத்தில் இருப்பது திகைப்பு. தியாகிகளுக்குக்கூட கோயா முகத்துதி செய்யவில்லை. அருகே போனால் கீழே கிடக்கும் உடலின் அடியில் உள்ள ரத்தம் வரையப்பட்டதுபோல் இராது; சிவப்பை அப்பித் தேய்த்ததுபோல் இருக்கும். அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வராததில் வியப்பில்லை.

'கறுப்பு ஓவியங்கள்' என்பவை என்ன? பயப்படும்படி இருக்குமா?

இருக்கும். 1819-இல் கோயா மாட்ரிட் நகருக்கு வெளியே ஒரு வீட்டை வாங்கினார். ஏற்கெனவே நோயால் செவித்திறனை இழந்திருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்த வீட்டுச் சுவர்களில் 14 படங்களை வரைந்தார். யாரும் கேட்டு வரைந்தவை அல்ல, விற்பதற்கும் அல்ல. தலைப்பும் அவர் வைக்கவில்லை. நாம் இன்று சொல்லும் பெயர்கள் பின்னால் வந்தவை. 1824-இல் பிரான்ஸ் போய்விட்டார், 1828-இல் போர்தோவில் இறந்தார். 1874-க்குப் பிறகுதான் அந்தப் படங்களைச் சுவரிலிருந்து உரித்துத் திரைச்சீலைக்கு மாற்றினார்கள். அதில் கொஞ்சம் சேதமும் ஆயிற்று.

'தன் மகனை விழுங்கும் சாத்தூர்னோ' எல்லோருக்கும் தெரிந்தது; பெற்ற பிள்ளைகளையே தின்ற ரோமானியப் புராணத் தெய்வம் அது. அதே கதையை ரூபன்ஸ் வரைந்த படமும் பிராடோவில் உண்டு. ரூபன்ஸின் கிழவன் தான் செய்வதை அறிந்து செய்யும் கொடியவன். கோயாவின் சாத்தூர்னோவோ விழி பிதுங்க, தானே நடுங்கிப்போய், நிறுத்தவும் முடியாமல் தின்கிறான். எது அதிகப் பயம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எனக்கு இந்தப் பதினான்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நாயைத்தான் எடுப்பேன். உயரமான குறுகிய படம். முக்கால்வாசிக்கும் மேல் அழுக்கு மஞ்சள் வெறுமை. அடியில் சரிந்து செல்லும் ஒரு பழுப்புப் பட்டை. அதன் விளிம்பில் நாயின் தலை மட்டும். மூழ்குகிறதா, ஏறப் பார்க்கிறதா, எசமானுக்காகக் காத்திருக்கிறதா? மேலே எதையோ பார்க்கிறது. அங்கே எதுவும் இல்லை. காது பின்னால் மடிந்திருக்கிறது, கண்ணில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி. இருபதாம் நூற்றாண்டு ஓவியர்கள் செய்யப்போவதை ஒரு கிழவர் தம் வீட்டுச் சுவரில் முன்கூட்டியே செய்துவிட்டுப் போயிருக்கிறார். சாத்தூர்னோ முன் கூட்டம் நிற்கும். நாயின் முன் நிற்பவர்கள் குறைவு, ஆனால் நகரமாட்டார்கள்.

சிறு பிள்ளைகளை அழைத்துப் போனால் அந்த அறையைத் தாண்டிப் போய்விடுங்கள். பிள்ளைகள் சாத்தூர்னோவை மறப்பதில்லை.

எப்போதும் துயரம்தானா? கண்ணுக்குக் குளிர்ச்சியாக எதுவும் இல்லையா?

சொரோயா இருக்கிறார். வலென்சியாக்காரர்; 1865-இல் காலரா அவருடைய பெற்றோர் இருவரையும் கொண்டுபோனபோது அவருக்கு இரண்டு வயது. அப்படிப்பட்டவர் வாழ்நாளெல்லாம் வெயிலை வரைந்தார். 1909-இல் வரைந்த 'கடற்கரை நடை' ஓவியத்தில் அவர் மனைவி க்ளோத்தில்தேயும் மகள் மரியாவும் வெள்ளை உடையில் கரையோரம் நடக்கிறார்கள். தொடுவானமே இல்லை, பின்னால் முழுக்கக் கடல். வெள்ளை உடை என்று நாம் சொல்கிறோமே தவிர, கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் ஊதா, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் எல்லாம் இருக்கின்றன, வெள்ளைதான் குறைவு. மாட்ரிட்டில் அவர் வாழ்ந்த வீடே அவருக்கான அருங்காட்சியகம். இந்தப் படம் அதன் சொத்து.

வெறும் அழகு என்று அவரைத் தள்ளிவிடவும் முடியாது. 1899-இல் வரைந்த 'சோகமான மரபுரிமை' ஓவியத்தில் ஊன்றுகோல் ஏந்திய சிறுவர்களை ஒரு துறவி கடலில் குளிக்க அழைத்துவருகிறார். அதே வலென்சியா கடல்தான்.

'குவெர்னிகா' எனக்குப் புரியவில்லை. வெட்கப்பட வேண்டுமா?

வேண்டாம். முதலில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். 1937 ஏப்ரல் 26, ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்காலம். கிளர்ச்சித் தளபதியும் பின்னாள் சர்வாதிகாரியுமான பிராங்கோவுக்கு உதவியாக வந்த ஹிட்லரின் காண்டோர் படைப்பிரிவும் இத்தாலிய விமானங்களும் வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள குவெர்னிகா என்ற ஊரைக் குண்டுவீசி எரித்தன. பாரிஸில் இருந்த பிக்காசோ, அந்த ஆண்டு உலகக் கண்காட்சியின் ஸ்பானிய அரங்குக்காக ஏற்கெனவே ஒரு படம் வரைந்து தர ஒப்புக்கொண்டிருந்தார். பத்திரிகையில் செய்தி பார்த்த பிறகு கரு மாறியது. ஜூன் மாதத் தொடக்கத்தில் படம் தயார்: உயரம் 3.5 மீட்டர், நீளம் 7.8 மீட்டர்.

இனி புரிவது பற்றி. காளை எதைக் குறிக்கிறது, குதிரை எதைக் குறிக்கிறது என்று அகராதி போட்டுப் படிக்கத் தொடங்கினால் இந்தப் படம் கைநழுவிவிடும். இடப்புறத் தாயிடமிருந்து தொடங்குங்கள். இறந்த குழந்தையை ஏந்தியபடி தலையைப் பின்னால் சாய்த்துக் கத்துகிறாள். நாக்கு கத்திமுனைபோல் இருக்கிறது. குழந்தையின் தலை தொங்குகிறது, மூக்கு தலைகீழாக. அந்தக் குழந்தையின் விரல்களைப் பாருங்கள். தடித்துச் சோர்ந்த விரல்கள். கனசதுரப் பாணி என்னவென்றே தெரியாதவருக்கும் அந்த விரல்கள் புரியும்.

படத்தில் விமானம் இல்லை, குண்டு இல்லை, எதிரி இல்லை. கோயா சிப்பாய்களின் முகத்தை மறைத்தார். பிக்காசோ அவர்களை முழுவதுமாகவே நீக்கிவிட்டார். வானத்திலிருந்து கொல்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா? நிறமும் இல்லை. கறுப்பு, வெள்ளை, சாம்பல். குதிரையின் உடல் முழுவதும் செய்தித்தாள் எழுத்துகள் போன்ற சிறு கோடுகள்.

படம் 1939 முதல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்தது. ஸ்பெயினில் மக்களின் சுதந்திரம் மீளும்வரை அங்கே அனுப்பக் கூடாது என்று பிக்காசோ சொல்லியிருந்தார். 1973-இல் அவர் இறந்தார், 1975-இல் பிராங்கோவும். 1981-இல் படம் மாட்ரிட் வந்தது; 1992 முதல் ரெய்னா சோபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிக்காசோவுக்கு ஒழுங்காக வரையத் தெரியாது, அதனால்தான் இப்படி என்கிறார் என் மாமா.

1897-இல் பதினைந்து வயதில் வரைந்த 'அறிவியலும் அறமும்' பார்சிலோனாவில் உள்ள பிக்காசோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நோயாளியின் நாடி பார்க்கும் மருத்துவர், குழந்தையோடு நிற்கும் கன்னியாஸ்திரி. கல்விக்கூடத்து முறைப்படி அச்சு அசலாக. மருத்துவராக அமர்ந்தவர் பிக்காசோவின் அப்பா. மாமாவிடம் அதைக் காட்டுங்கள்.

டாலியின் உருகும் கடிகாரங்களைப் பற்றி உங்கள் கருத்து?

முதலில் அளவு. 'நினைவின் விடாப்பிடி' (1931) வெறும் 24-க்கு 33 சென்டிமீட்டர். ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. நியூயார்க்கில் அதைத் தேடிவருபவர்கள் பலர் இவ்வளவுதானா என்று விழிப்பது வழக்கம். அந்தச் சிறிய பரப்புக்குள் கத்தலோனியக் கடற்கரைப் பாறைகளைத் தூரத்தில் துல்லியமாக வைத்திருக்கிறார். தொழில்திறனைக் குறைசொல்ல முடியாது. ஆனால் டாலி முகத்துதி செய்யத் தெரிந்தவர், செய்ததெல்லாம் தமக்கே. பார்த்த கணம் வியப்பு, அடுத்த கணம் மீசைக்கார டாலியின் சுயவிளம்பரம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

அவர் இருபத்தோரு வயதில் வரைந்த 'ஜன்னலருகே பெண்' (1925) எனக்கு மேல். தங்கை அன்னா மரியா நமக்கு முதுகைக் காட்டி, ஜன்னலில் சாய்ந்து விரிகுடாவைப் பார்க்கிறாள். வித்தை எதுவும் இல்லை. ரெய்னா சோபியாவில் இருக்கிறது.

மிரோவின் நீலப் படங்களைப் பார்த்தால் என் பிள்ளையே வரைந்துவிடுவான் போலிருக்கிறதே?

வரையட்டும், நல்லதுதான். ஆனால் மிரோ எங்கிருந்து அங்கே வந்தார் என்பதையும் பாருங்கள். 1921-22-இல் வரைந்த 'பண்ணை' இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. ஒருகாலத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயிடம் இருந்தது. மொன்ரோய்க் கிராமத்துக் குடும்பப் பண்ணையின் ஒவ்வோர் இலை, நத்தை, பூவாளி, சுவர் விரிசல் எல்லாம் கணக்கெடுத்ததுபோல் அதில் உண்டு. படத்தைப் பாரிஸில் முடிக்கும்போது ஊரிலிருந்து காய்ந்த புல்லைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் நாற்பது ஆண்டுகள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, 1961-இல் மூன்று பெரிய நீலப் படங்களில் நின்றார். இரண்டாவது நீலத்தில் இடப்புறம் ஒரு சிவப்புக் கீற்று, வலப்புறம் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். அவ்வளவே மிச்சம். மூன்றும் பாரிஸின் பாம்பிடூ மையத்தின் உடைமை. 3.5 மீட்டர் அகல நீலத்துக்கு முன் நிற்பதும் கைப்பேசித் திரையில் பார்ப்பதும் ஒன்றல்ல. திரையில் பார்த்துவிட்டு மிரோவை எடைபோடாதீர்கள். டாலியை வேண்டுமானால் போடலாம்.

மாட்ரிட்டில் ஒரே நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ரெய்னா சோபியா விடுமுறை. காலையில் திறந்தவுடன் பிராடோ. நுழைந்ததும் எல்லா அறைகளையும் சுற்றத் தொடங்கினால் கால் ஓய்ந்து, கோயாவிடம் வரும்போது உட்கார நாற்காலிதான் தேடுவீர்கள். நேராக வெலாஸ்கெஸிடம் போங்கள், பிறகு கோயா, நேரம் மிஞ்சினால் சுர்பரானின் ஆட்டுக்குட்டி. பிராடோவில் படமெடுக்க அனுமதி இல்லை. ஒருவகையில் அது உங்களுக்கு நல்லது. மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு பசேயோ தெல் பிராடோ நிழற்சாலை வழியே தெற்கே நடந்தால் சற்று நேரத்தில் ரெய்னா சோபியா வந்துவிடும். 'குவெர்னிகா' அறையில் எப்போதும் கூட்டம் இருக்கும். மாலையில் சற்றுக் குறையும். டிக்கெட்டுகளை முன்னதாகவே இணையத்தில் எடுத்துவிடுங்கள். இரண்டு இடங்களிலும் மாலையில் இலவச நேரம் உண்டு. அதற்கு வரிசை நீளமாக இருக்கும்.